பாம்பே அண்ணாச்சி (எ) என் அப்பா

என் அப்பாவின் சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் இருந்த காலத்தில் அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்திருந்தால், "அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லையே" என்றுதான் பதில் வந்திருக்கும். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலை இருக்கவில்லை. "பாம்பே அண்ணாச்சி கடை எங்கே?" என்று கேட்டிருந்தால், பூ கட்டிக்கொண்டிருக்கும் ஆச்சி கையில் நாரோடு எழுந்து வந்து வழி காட்டியிருப்பாள்.

இத்தனைக்கும் அப்பா பம்பாயைக் கண்ணால் பார்த்ததில்லை. வடக்கே அவர் போன அதிகபட்ச தூரம் திருப்பதி. அதுவும் எனக்கு மொட்டை போட.

கடை பத்தடிக்கு எட்டடி. ஒரு உஷா மெஷின், ஒரு கட்டிங் டேபிள், கரி போட்டுத் தேய்க்கும் அயர்ன் பாக்ஸ், மூலையில் காஜா எடுக்கும் பையனுக்கு ஒரு முக்காலி. வாசலில் தலைக்கு மேலே பலகை: சிவப்பில் மஞ்சள் எழுத்தாக 'பாம்பே டெய்லர்ஸ்', ஓரத்தில் கோட்டு போட்ட ஒரு ஆளின் படம். அந்த ஆளுக்கு மூக்கு மட்டும் வெயிலில் உதிர்ந்து போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒரு பெயர் இருந்தது. வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் நான் 'பாம்பே'. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் "பம்பாய்ல எங்கடே இருந்தீங்க?" என்று கேட்டான். "தாராவி" என்றேன். எங்கள் பக்கத்துச் சனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போன இடம் அது. பம்பாய் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே விலாசமும் அதுதான். பொய் சொன்ன உறுத்தல் பத்து வருஷம் இருந்தது. தமிழய்யா காரணப்பெயர், இடுகுறிப்பெயர் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் கண்ணில் நிற்கும். பறப்பதால் பறவை. சரி, பம்பாய்க்கே போகாததால் பாம்பே அண்ணாச்சியா? ஒரு பொய்யைத் தலைக்குமேல் தொங்கவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்து தைக்கிறாரே மனுஷன் என்று இருக்கும்.

1996 கோடை விடுமுறை. சென்னையில் தத்துவம் எம்.ஏ. முதல் வருஷம் முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். தத்துவம் படிக்கிற பையன்களுக்கு முதல் வருஷ முடிவில் ஒரு காய்ச்சல் வரும். படித்த நாலு பக்கத்தை யார் தலையிலாவது இறக்கிவைக்காவிட்டால் தணியாது. எனக்குக் கிடைத்த தலை அப்பாவுடையது.

அப்போது என் கையில் இருந்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். தர்க்கத்தைப் பற்றி 1843-இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் பெயர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. ஓர் ஆளின் பெயரோ ஊரின் பெயரோ அந்த ஆளை, அந்த ஊரைச் சுட்டிக்காட்டும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் அர்த்தம் என்று தனியாக ஒன்று அதற்குள் இல்லை. இதுதான் மில்லின் கட்சி. டார்ட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருப்பதால் இங்கிலாந்தில் ஓர் ஊருக்கு டார்ட்மவுத் என்று பெயர். நாளைக்கே ஆறு திசைமாறி வேறெங்கோ போய்க் கடலில் விழுந்தாலும் ஊர் டார்ட்மவுத்தாகவே இருக்கும் என்கிறார்.

இதை ஒழுங்காகப் படித்திருந்தால் என் பத்து வருஷ உறுத்தல் அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். ஆறு இல்லாத டார்ட்மவுத் பொய்யில்லை என்றால், பம்பாய் இல்லாத பாம்பே அண்ணாச்சியும் பொய்யில்லை. நானோ எனக்கு வேண்டிய பாதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டேன். பெயர் வெறும் குறி; குறியை மாற்றினால் ஆள் மாறப்போவதில்லை; அப்புறம் ஏன் இந்த அசிங்கமான குறி?

"அப்பா, மில் என்ன சொல்றாருன்னா…"

"எந்த மில்லு? வி.கே.புரம் மில்லா?"

காஜா பையன் வாய்க்குள் நூலை வைத்துக்கொண்டே சிரித்தான். நான் விடவில்லை. அரபுக் கதையில் வரும் திருடனைப் பற்றிச் சொன்னேன். அடையாளம் வைப்பதற்காக ஒரு வீட்டுக் கதவில் சாக்கட்டியால் குறி போடுகிறான். அந்தக் குறிக்கு உபயோகம் உண்டு, அர்த்தம் கிடையாது. பெயரும் அப்படித்தான் என்று மில் சொல்கிறார் என்றேன். அப்பா டேபிளில் ஒரு பேன்ட் பிட்டை விரித்து, கையில் இருந்த சாக்கட்டியால் வளைவாக ஒரு கோடு போட்டார்.

"இது என்னதுலே?"

"சாக்பீஸ் கோடு."

"உனக்குக் கோடு. எனக்கு வக்கீல் குமாஸ்தாவோட இடுப்பு."

சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு நான் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஏதோ பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு கடைசி அம்பை விட்டேன். "பம்பாயே போன வருஷம் மும்பையா மாறிட்டு. இப்ப இல்லாத ஊர்ப் பேர எதுக்குத் தொங்கவிடணும்? உங்க சொந்தப் பேரு ஒரு தடவையாவது வெயில் வெளிச்சத்தப் பாக்கட்டும்."

கடைசி வரியை மட்டும் நான் மனசாரச் சொன்னேன். அதனாலோ என்னவோ அப்பா நிமிர்ந்து பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார்.

ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில் 350 ரூபாய் கொடுத்துப் புதுப் பலகை எழுதினேன். வெள்ளையில் நீல எழுத்து. முதலெழுத்துகளோடு அப்பாவின் முழுப்பெயர், அடுத்து 'தையலகம்'. டெய்லர்ஸைத் தமிழாக்கிவிட்ட பெருமை வேறு. மாட்டி முடித்ததும் அப்பா தெருவில் இறங்கி, நாலடி பின்னால் போய் நின்று, கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு வாசித்தார். பஸ்ஸில் பக்கத்து ஆளின் கல்யாணப் பத்திரிகையை எட்டிப் பார்ப்போமே, அப்படி ஒரு மரியாதையான பார்வை. "எழுத்து நல்லாருக்கு" என்றார்.

ஜூலையில் வகுப்பு தொடங்கியது. மில் முடிந்து ஃப்ரெகெ வந்தார்.

காட்லோப் ஃப்ரெகெ, யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். 1892-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை. விஷயம் நம் ஊர்க் குழந்தைக்கும் புரியும். விடியற்காலையில் கிழக்கே தெரிவது விடிவெள்ளி. பொழுது சாய்ந்தபின் மேற்கே தெரிவது அந்திவெள்ளி. இரண்டும் ஒரே வெள்ளிக் கிரகம். ஒரு பெயரின் அர்த்தம் அது சுட்டுகிற பொருள் மட்டும்தான் என்றால், 'விடிவெள்ளியே அந்திவெள்ளி' என்று சொல்வதும் 'விடிவெள்ளியே விடிவெள்ளி' என்று சொல்வதும் ஒன்றாகிவிட வேண்டும். இரண்டாவதை யாரும் படுத்துக்கொண்டே சொல்லிவிடலாம். முதலாவதைக் கண்டுபிடிக்க மனிதர்கள் வானத்தை எத்தனையோ காலம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே, சுட்டப்படும் பொருளோடு ஒவ்வொரு பெயரிலும் இன்னொன்றும் இருக்கிறது என்றார் ஃப்ரெகெ. அந்தப் பொருள் நமக்கு எந்த வாசல் வழியாகக் காட்சி கொடுக்கிறது என்பது அது. பொருள் ஒன்று, வாசல் இரண்டு. ஒரு வாசலைத் தெரிந்தவனுக்கு மற்றது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதை விடுதி அறைத் தோழனுக்குத் தமிழில் விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். அவன் வணிகவியல். "ஒரு பெயரின் பொருள் அது குறிக்கும் பொருள்தானா? இதான்டா கேள்வி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அதான் நீயே சொல்லிட்டியே. பொருள்னா பொருள்தான்" என்றான். யோசித்துப் பார்த்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அர்த்தத்துக்கும் 'பொருள்', கையில் எடுக்கும் வஸ்துவுக்கும் 'பொருள்' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிற பாஷை நம்முடையது. பொருளுக்கு மூன்றாவதாகவும் ஒரு பொருள் உண்டு. பணம். அதை அந்த ஐப்பசியில் தெரிந்துகொண்டேன்.

ஃப்ரெகெ பற்றிய தேர்வுத்தாளில் எனக்குத்தான் அதிக மதிப்பெண். விடிவெள்ளி உதாரணம் வெகு தெளிவாக இருப்பதாகப் பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன்.

தீபாவளிக்கு இருபது நாள் முன்பென்றால் எங்கள் கடையில் உட்கார இடம் இருக்காது. வி.கே.புரம் மில்லில் போனஸ் கொடுத்திருப்பார்கள். துணிப்பைகள் டேபிளுக்கு அடியிலும் மெஷினுக்குப் பின்னாலும் குவிந்து கிடக்கும். இரவு இரண்டு மணிவரை மெஷின் ஓடும். 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்ட பிறகும் கெஞ்சிக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். நான் போன அன்று பகல் பதினொரு மணிக்கு அப்பா செய்தித்தாளின் வரி விளம்பரங்களை வாசித்துக்கொண்டிருந்தார். முக்காலி காலியாக இருந்தது.

"பையன் எங்கப்பா?"

"திருப்பூருக்குப் போயிட்டான். அங்க பனியன் கம்பெனில நல்ல சம்பளமாம்."

வாசல்படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தச் சிறுவன் வந்தான்.

பத்து வயதிருக்கும். எண்ணெய் வழியச் சீவிய தலை. மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். பைக்குள்ளிருந்து புதுத்துணியின் கஞ்சி வாடை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் கடைக்கு நேரே வந்ததும் நின்றான். அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தான். உதடு மட்டும் அசைந்தது. அப்பாவின் முதலெழுத்துகளைத் தாண்டினான். பெயரின் முதல் பாதியைத் தாண்டினான். இரண்டாம் பாதியில் ஒரு மெய்யெழுத்தில் தடுக்கி, திரும்பப் போய், மறுபடி சேர்த்தான். கடைசி எழுத்துவரை பொறுமையாக வாசித்து முடித்துவிட்டு, தன் தேடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யாரத் தேடுத?" என்றேன்.

"பாம்பே அண்ணாச்சி கடை எங்கண்ணே இருக்கு?"

"இதான்."

அவன் மறுபடி பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இல்ல. இதுல வேற பேரு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒரே ஆளுதான்."

சொன்ன மாத்திரத்தில் என் குரல் எனக்கே வேறு எங்கிருந்தோ கேட்டது. 'இரண்டும் ஒன்றே.' பையில் மடித்து வைத்திருந்த தாளில் இதே வாக்கியத்தை எழுதி, ஏன் இது வெறும் வாக்கியமில்லை, ஏன் இது கேட்பவனுக்கு ஒரு புதுச் செய்தி, ஏன் அவன் இதைச் சட்டென்று நம்ப வேண்டியதில்லை என்று மூன்று பக்கம் விளக்கியிருந்தேன். அந்த மூன்று பக்கமும் இப்போது மஞ்சப்பையோடு எதிரே நின்றுகொண்டிருந்தது.

"நீங்க யாரு?"

"அவரு மகன்."

சிறுவன் ஒரு கணம் யோசித்தான். ஊர் பேர் தெரியாதவன் ஒருவன் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு துணியை வாங்கப் பார்க்கிறான். அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள்: பாம்பேன்னு எழுதியிருக்கும், கோட்டு போட்ட ஆளு படம் இருக்கும், மூக்கு இருக்காது. இங்கே எழுத்தும் இல்லை, ஆளும் இல்லை. பையை இன்னும் இறுக்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு தையல்கடைக்குப் போய்விட்டான்.

உள்ளே திரும்பிப் பார்த்தேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கத்தைப் புரட்டவும் இல்லை.

"இப்படி எத்தனை பேருப்பா?"

"அது கிடக்கு விடு."

அவர் சாப்பிடப் போன நேரத்தில் பில் புக்கை எடுத்துப் பார்த்தேன். போன தீபாவளிக்கு இதே தேதியில் பில் எண் 243. இந்த வருஷம் 138. யார் வரவில்லை என்று தேடினேன். கடைத்தெரு ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அப்பாவின் முகம் தெரியும், பலகையை அவர்கள் நிமிர்ந்து பார்த்ததே இருக்காது. வராதவர்கள் பிரம்மதேசம், மன்னார்கோவில், ஊர்க்காட்டுக்காரர்கள். வருஷத்தில் ஒருமுறை வருகிறவர்கள். தாங்கள் வராமல் பழைய சட்டையை அளவுக்கு வைத்து, புதுத்துணியைப் பால்காரரிடமோ பையனிடமோ கொடுத்து, "பாம்பே அண்ணாச்சிட்ட குடு" என்று அனுப்புகிறவர்கள். எதிர்க்கடைக்காரரைக் குறைசொல்லவும் வழியில்லை. கேட்டவர்களிடம் அவர், "போர்டு மாறியிருக்கு, பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னாராம். முழு உண்மை.

என் இரண்டாம் வருஷக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பாடு பரிமாறும்போது அம்மாவின் கையில் கண்ணாடி வளையல் மட்டும் இருந்தது.

அன்று ராத்திரி கடையை எடுத்துவைக்கும்போது கேட்டேன். "பாம்பே அண்ணாச்சின்னு பேரு எப்படிப்பா வந்துச்சு?" இருபத்திரண்டு வயதுவரை இதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். பொய் என்று முடிவுகட்டிவிட்டதால் அதற்கு ஒரு கதை இருக்கும் என்றே தோன்றவில்லை.

"அது என் பேரே இல்லலே" என்றார் அப்பா.

1971-இல் அந்தக் கடையை அவர் இன்னொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். அவர்தான் நிஜ பாம்பேக்காரர். தாராவியில் பல வருஷம் தைத்துவிட்டு ஊர் திரும்பிக் கடை போட்டவர். இரண்டு வருஷத்தில் ஊர் பிடிக்காமல் திரும்பவும் ரயிலேறிவிட்டார். அப்பா மெஷினுக்கும் டேபிளுக்கும் காசு கொடுத்தார். பலகை இனாம். வேறு எழுதக் கையில் காசில்லாததால் அது அப்படியே தொங்கியது.

"மொத ஒரு வருசம் வாரவன்லாம் 'பாம்பே அண்ணாச்சி இருக்காவளா'ன்னு கேப்பான். 'அவரு போயிட்டாரு'ம்பேன். துணிய எடுத்துக்கிட்டுத் திரும்பிருவான். வாடகை குடுக்க முடியல. ஒருநாள் மழை. ஒரு கிழவி நனைஞ்சுக்கிட்டே வந்து, பேரன் கல்யாணத்துக்குச் சட்டை தைக்கணும், பாம்பே அண்ணாச்சி இருக்காவளான்னா." அப்பா நிறுத்தினார். மெஷினுக்கு உறை போட்டார். "'இருக்கேன்'ன்னுட்டேன்."

பலகைக்கடியில் இருளில் இருவரும் நின்றோம்.

"அதுல பொய் உண்டாலே?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, படித்தவனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் மாதிரி ஒன்று பல வருஷம் கழித்துக் கிடைத்தது. சால் கிரிப்கி என்கிற அமெரிக்கர் 1970 ஜனவரியில் பிரின்ஸ்டனில் எழுதிவைத்துக்கொள்ளாமல் மூன்று சொற்பொழிவு செய்தார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. ஓர் ஆளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் தப்பாக இருந்தாலும் அவர் பெயர் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்றார். முதலில் பெயர் வைத்தவரிடமிருந்து வாய்க்கு வாய் அது கைமாறி வருகிறது. வாசிக்கும்போது எனக்குப் பால்காரர் கையில் கொடுத்தனுப்பும் துணிப்பைதான் நினைவுக்கு வந்தது. அனுப்புகிறவருக்குக் கடைக்காரரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பை வந்துவிடும். 1973-இல் காரெத் எவன்ஸ் என்கிற ஆங்கிலேயர் அதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார். மடகாஸ்கர் என்பது முதலில் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் ஒரு பகுதிக்கான பெயராம். மார்க்கோ போலோ தவறாகப் புரிந்துகொண்டு அதைத் தீவுக்குச் சொல்ல, தீவுக்கே அது நிலைத்துவிட்டது. பை கைமாறும் வழியில் ஆளே மாறிவிடலாம். எவன்ஸ் அதற்கு மடகாஸ்கர்வரை போயிருக்க வேண்டாம். அம்பாசமுத்திரத்தில், ஒரு மழைநாளில், 'இருக்கேன்' என்ற ஒரு சொல்லில் அது நடந்திருக்கிறது. வாங்கிய பெயருக்கு அப்பா இருபத்தைந்து வருஷம் ராத்திரி இரண்டு மணிவரை தைத்து விலை கொடுத்தார். நான் 350 ரூபாய் கொடுத்து அதை இறக்கினேன்.

மறுநாள் காலையில் பழைய பலகையைத் தேடினேன். கட்டிங் டேபிளின் ஒரு கால் குட்டையாக இருந்ததால் பலகையை அறுத்து அண்டை கொடுத்திருந்தார் அப்பா. கோட்டுக்காரரின் உடம்பு மட்டும் மிச்சம். பெயின்டரைக் கூட்டிவந்து புதுப் பலகையிலேயே பெயருக்கு முன்னால் 'பாம்பே அண்ணாச்சி (எ)' என்று எழுதச் சொன்னேன். நம் ஊரில் இரண்டு பெயர் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று சொல்ல அந்த ஒற்றை எழுத்து போதும். ஃப்ரெகெ தன் கட்டுரையைத் தொடங்குவதே சமம் என்றால் என்ன என்ற கேள்வியோடுதான். அவர் கேட்ட கேள்வி முழுவதும் அந்த அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருந்தது.

பெயின்டர் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "தம்பி, இது ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டியிருப்பாங்களே, அந்த மாதிரியில்ல இருக்கு?"

அப்பா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தத் தீபாவளிக்குப் பலகை உதவவில்லை, நாளாகிவிட்டது. பொங்கலுக்குக் கொஞ்சம் பேர் திரும்பினார்கள். ஊர்க்காட்டுக்காரர்கள் கடைசிவரை வரவில்லை. அம்மாவின் வளையலை மீட்க நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அப்பா 2011-இல் போனார். காரியமெல்லாம் முடிந்து கடையை ஒழித்தபோது அளவு நோட்டுகள் கிடைத்தன. நாற்பது வருஷ நோட்டுகள். அப்பாவுக்கு வாடிக்கையாளர்களின் நிஜப்பெயர் பெரும்பாலும் தெரியாது, கேட்கவும் மாட்டார். தானே வைத்துக்கொள்வார். சோடாக் கடை. ரெட்டைச் சுழி. கோர்ட்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தோள், கை, நெஞ்சு, இடுப்பு. ஓரத்தில் குண்டூசியால் குத்திய துணிப் பிட்டு. 'வாகைக்குளம் ஒல்லி' என்று ஒருவர். 1978-இல் இடுப்பு 26. வருஷம் போகப் போக எண்ணை அடித்து அடித்து எழுதியிருக்கிறார். 1999-இல் இடுப்பு 40. பெயரை மட்டும் அடிக்கவே இல்லை. நாற்பது அங்குல இடுப்போடும் அவர் ஒல்லிதான். மில் இந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் டார்ட்மவுத்தை விட்டிருப்பார்.

1996 நோட்டைப் புரட்டும்போது 'மில்லு' என்று ஒரு பெயர் வந்தது. நெஞ்சு 34, தோள் 16½, கை 23. வி.கே.புரத்து ஆள் யாராவது இருக்கும் என்று தாண்டிப் போனேன். 1998-இல் மறுபடி மில்லு. 2003-இல் மில்லு, நெஞ்சு 38. இந்த மில்காரருக்கு அப்பா விடாமல் தைத்திருக்கிறாரே என்று பட்டது. அவர் சாவுக்கு வந்திருப்பாரா, யாராவது சொல்லியிருப்பார்களா என்றுகூட நினைத்தேன். திரும்பி 1996-க்கு வந்தேன். ஓரத்தில் இருந்த குண்டூசி துருப்பிடித்திருந்தது. துருவைச் சுற்றி, வெளிர்நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு விரல் அகலத் துணி.

அந்தத் துணியை எனக்குத் தெரியும். அந்தத் தீபாவளிக்கு, 138 பில்லோடு நின்ற தீபாவளிக்கு, காலர் உறுத்துகிறது என்று நான் சிணுங்கியதும் மெஷின் உறையைத் திரும்ப எடுத்துவிட்டுப் பிரித்துத் தைத்துக் கொடுத்த சட்டை. நான் அதைக் கிழியும்வரை போட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷம் அந்தக் கடையில் எனக்கு அதுதான் பெயராக இருந்திருக்கிறது. காஜா பையனுக்குத் தெரிந்திருக்கும். சோடாக் கடைக்கும் கோர்ட்டுக்கும் தெரிந்திருக்கும். பக்கத்தில் (எ) போட்டு என் பெயரை எழுதியிருக்கிறாரா என்று நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இல்லை. அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.